கடைசிக் கரண்டித் தண்ணீர்

முதல் பாதாம் பல்லில் தட்டுப்பட்டபோது வெர்னா அதைக் கல் என்றுதான் நினைத்தாள்.

அவளுடைய நாக்கு பொய் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. சர்க்கரை துருப்பிடித்த ஆணி மாதிரி ருசித்தது. உப்பு காணாமலே போயிருந்தது. பாலில் வெந்த அரிசிக் கஞ்சி வெறும் கதகதப்பாக மட்டும் தொண்டையில் இறங்கிக்கொண்டிருந்தபோது, நடுவில் கடினமாக ஒன்று. எடுத்துப் பார்த்தாள். தோல் உரித்த முழுப் பாதாம்.

"பாத்தியா, இந்த வருஷம் உனக்குத்தான்," என்றான் கணவன் டேல், கொஞ்சம் அவசரமாகவே.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மதியம் ஒரு பானைக் கஞ்சிக்கு ஒரே ஒரு பாதாம். அது யார் கிண்ணத்தில் விழுகிறதோ, வரப்போகும் வருஷம் அவர்களுடையது. வெர்னா அதை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு மறுபடி ஸ்பூனை வாயில் வைத்தாள்.

இரண்டாவது பாதாம்.

மேஜையில் இருந்த மற்ற மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்த்தார்கள். ஜன்னலில் பனியைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

மூன்றாவது, கிண்ணத்தின் அடியில் சாவகாசமாகப் படுத்திருந்தது. வெர்னா மூன்றையும் வரிசையாக வைத்தாள்.

"யாராவது வாயத் திறங்க."

"நான் பானையில ஒண்ணுதான் போட்டேன்," என்றாள் இர்யா அத்தை. அப்பாவின் தங்கை, எண்பதைத் தாண்டியும் குரலில் நரை விழாதவள். "அது உன் கிண்ணத்துல விழற மாதிரி பாத்து ஊத்தினேன். அது வேற விஷயம்."

டேல் காதைச் சொறிந்தான். "நீ வெந்நீர் எடுக்க எந்திரிச்சப்ப, நான்தான் ஒண்ணு..."

"நீயுமா மச்சான்?" என்றான் தம்பி ரெய்னோ. சொல்லி முடித்த பிறகுதான் மாட்டிக்கொண்டது அவனுக்கு உறைத்தது.

எல்லோரும் சிரித்தார்கள். வெர்னாவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் பாதாம்களை மறுபடி எண்ணினாள். மூன்று பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே கிண்ணத்துக்கு அதிர்ஷ்டம் கடத்தியிருக்கிறார்கள். அப்படியென்றால் எவ்வளவு பயந்து போயிருக்கிறார்கள்.

அவள் இடுப்பில் கட்டியிருந்த சின்னப் பையைத் தடவிக்கொண்டாள்.

பைக்குள் ஒரு பிளாஸ்டிக் புட்டி. புட்டிக்குள் ரப்பர் பந்து, பந்துக்குள் மருந்து. அது மெல்ல மெல்லச் சுருங்கி, மெல்லிய குழாய் வழியாகக் காறையெலும்புக்குக் கீழே அவளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நேற்று மார்க்வெட் ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்டார்கள். நாளை டேல் கழற்றுவான், கற்றுக்கொடுத்திருந்தார்கள். டேல் அதற்கு வைத்த பெயர் 'குடித்தனக்காரன்'. இர்யா அத்தை அந்தக் குடித்தனக்காரனுக்குச் சிவப்புக் கம்பளியில் ஒரு சட்டையே பின்னிப் போட்டிருந்தாள்.

பெருங்குடலில் வந்த புற்றைக் கோடையில் வெட்டி எடுத்தாயிற்று. மிச்சம் மீதியைத் துரத்த இந்தக் கீமோ. டாக்டர், பண்டிகைக்காக ஒரு வாரம் தள்ளிப் போடலாம் என்றார். வெர்னாதான் வேண்டாம் என்றாள். அவள் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள். இன்றைக்குத் தள்ளாத பனி நாளைக்கு இரண்டு மடங்கு கனக்கும் என்பது அவளுக்கு முதுகெலும்பு வரை தெரியும்.

ஆனால் டாக்டர் இரண்டு கதவுகளைச் சாத்தியிருந்தார்.

ஒன்று, குளிர். குளிர்ந்த இரும்பைத் தொட்டால் விரல்களில் மின்சாரம் பாய்ந்தது. குளிர்காற்றை அப்படியே விழுங்கினால் தொண்டை பூட்டிக்கொண்டது. சுப்பீரியர் ஏரிக்கரையில் பிறந்து, பனிக்கு நடுவிலேயே சம்பளம் வாங்கிய பெண்ணுக்கு இப்போது பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறப்பதென்றால் கையுறை வேண்டும்.

இன்னொன்று, சூடு. உடம்பு அதிகம் சூடானால் குடித்தனக்காரன் அவசரப்படுவான். நிதானமாக இறங்க வேண்டிய மருந்து கடகடவென்று இறங்கிவிடும். ஆகவே சௌனா கூடாது, சுட்ட கற்கள்மேல் தண்ணீர் ஊற்றி ஆவியில் வேகும் அவர்களுடைய ஃபின்லாந்து வழிக் குளியல் அறை.

சௌனா கூடாது என்றால் இந்த கேம்ப்புக்கு, இந்த விடுமுறை மரவீட்டுக்கு, வருவதில் பாதி அர்த்தம் போயிற்று. அப்பா அர்வோ இந்த ஏரிக்கரையில் முதலில் கட்டியது சௌனாவைத்தான். தூங்குவதற்கு ஒரு வீடு வேண்டுமே என்பது அவருக்குப் பிறகுதான் தோன்றியது.

வருஷா வருஷம் இதே நாளில், இருட்டுவதற்குள், உயிரோடு இருப்பவர்கள் வெந்து, ஏரியில் விழுந்து, குளித்து முடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு சௌனா, இறந்து போனவர்களுடையது. கதவைச் சாத்துவதற்கு முன்னால் ஒருவர் செப்புக் கரண்டியில் தண்ணீர் மொண்டு, கடைசியாக ஒருமுறை கற்கள்மேல் ஊற்றி, போனவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பிறகு விடியும்வரை யாரும் உள்ளே போவதில்லை.

அர்வோ இருந்தவரை அது அர்வோவின் வேலை. நுரையீரல் கெட்டு, சௌனாவுக்குள் உட்காரும் பலகை ஒன்றில்கூட ஏற முடியாமல் நின்ற ஒரு கிறிஸ்துமஸில், அவர் ஒன்றும் சொல்லாமல் கரண்டியை வெர்னாவின் கையில் கொடுத்தார். ஏரிப் பனி உருகியபோது அவர் இல்லை. அடுத்த கிறிஸ்துமஸில் அவர் பெயரையும் சேர்த்து வெர்னாதான் கூப்பிட்டாள்.

கரண்டியைக் கொடுப்பது என்றால் என்ன என்று அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. பேசாததாலேயே எல்லோருக்கும் அது மனப்பாடம்.

இன்று அவளால் உள்ளே போக முடியாது. கொடுக்கவும் கூடாது.

"கடைசிக் கரண்டிய இந்தத் தடவை ரெய்னோ ஊத்தட்டுமே," என்றான் டேல், கிண்ணங்களை அடுக்கிக்கொண்டே. அவன் பிரெஞ்சு வழிக் குடும்பம். சில விஷயங்கள் அவன் தோலுக்கு மேலேயே நின்றுவிடும். "ஒரு வருஷம்தானே."

ரெய்னோவின் முகத்தில் இருந்த ரத்தம் எங்கோ இறங்கிப் போயிற்று. "அடுப்பு பத்த வைக்கணும்," என்று எழுந்து, தொப்பியை முன்பின்னாக மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

"அத்தை ஊத்தலாமே?" என்றான் டேல் விடாமல்.

"நானா? எனக்குத் தெரிஞ்சவங்க பாதிப் பேர் அங்கதான் இருக்காங்க. வந்தது வந்துட்ட, உக்காருன்னு பிடிச்சு வெச்சுக்குவாங்க. ஆள விடு."

வெர்னா நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மருந்து அவளைப் பஞ்சுக்குள் வைத்திருந்தது. ஓசைகள் தூரத்திலிருந்து வந்தன. வெளியே பனி விழுகிறதா, இல்லை பனி அப்படியே நிற்க இந்த வீடுதான் மெதுவாக மேலே போகிறதா என்று சொல்ல முடியவில்லை. கண்ணை மூடினாள். லாரியின் முன்னால் வெள்ளைச் சாலை ஒன்று, ஓசையில்லாமல், அவளுக்காகத் தானே விலகிக்கொண்டு போயிற்று.

கதவு திறந்த சத்தத்தில் விழித்தாள். சௌனாவின் புகைபோக்கியிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. ரெய்னோ வாசலில் நின்றான்.

"கரண்டியக் காணோம்."

"காணோம்னா?" என்றாள் அத்தை.

"ஆணியில இல்ல. வாளியில இல்ல. எங்கயும் இல்ல."

வீடு பரபரத்தது. டேல் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தான். அத்தை பாத்திர அலமாரியைக் கவிழ்த்தாள். சூப் கரண்டியால் ஊற்றினால் என்ன என்று டேல் கேட்க, அத்தை அவனைப் பார்த்த பார்வையில் சூப் கரண்டி தானாகவே அலமாரிக்குள் திரும்பிப் போயிற்று. அது அர்வோ செப்புத் தகட்டைத் தட்டித் தட்டித் தன் கையால் செய்த கரண்டி.

வெர்னா எழுந்திருக்கவில்லை. அவள் ரெய்னோவைப் பார்த்தாள். மற்ற இரண்டு பேரும் கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ரெய்னோ, அவர்கள் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் மறுபடி சௌனாவுக்குப் போனதும், அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

சௌனா வாசலிலிருந்து இரண்டு தடங்கள் கிளம்பின. ஒன்று விறகு அடுக்குக்கு. இன்னொன்று உறைந்த ஏரிமேல், சௌனாவில் வெந்துவிட்டுக் குதிப்பதற்காக நேற்று ரெய்னோ ரம்பம் போட்டு அறுத்த பனி ஓட்டைக்கு. விறகுத் தடத்தின் விளிம்புகள் இன்னும் கூராக இருந்தன. ஏரித் தடம் பாதி தூர்ந்து, மெத்தென்று மூடியிருந்தது. அதுதான் பழைய தடம்.

அடுப்பைப் பற்ற வைக்கும் முன்பே, எதற்கு முதலில் ஓட்டைக்குப் போனான்?

வெர்னா கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துச் சுற்றிக்கொண்டு, இரண்டு ஜோடிக் கையுறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டாள். "எங்க?" என்றான் டேல். "தம்பிகிட்டப் பேசிட்டு வரேன். அடுப்பு இன்னும் சூடாயிருக்காது, பயப்படாத." துணிக்குள்ளேயே மூச்சு விட்டு, துணிக்குள்ளேயே மூச்சு வாங்கி, தன் மூச்சின் கதகதப்பைத் தானே குடித்துக்கொண்டு நடந்தாள்.

சௌனாவின் உடை மாற்றும் அறையில் ரெய்னோ முக்காலியில் உட்கார்ந்து பூர்ச்ச மரப்பட்டையை உரித்துக்கொண்டிருந்தான். சுவரில் வெறும் ஆணி.

"ஓட்டையிலதான போட்ட?"

"என்னத்த?"

"ரெய்னோ."

அவன் பட்டையை இன்னும் சின்னதாகக் கிழித்தான். "போடல. கயித்துல கட்டித் தொங்க விட்டிருக்கேன். அப்பா செஞ்சது அக்கா, போடுவேனா?"

"அத்தை பாத்திரம் பூரா கவிழ்த்துட்டா. டேல் கட்டிலுக்கு அடியில போயி மாட்டிக்கிட்டான்."

"கரண்டி இல்லன்னா யாரும் யாருக்கும் குடுக்க முடியாதுல்ல," என்றான் ரெய்னோ. நாற்பத்தெட்டு வயது ஆளின் தாடிக்குள்ளிருந்து வந்தாலும் சின்னப் பையனின் குரல். "நீ நீட்டினா நான் வாங்கணும். நான் வாங்க மாட்டேன். எல்லார் முன்னாடியும் மாட்டேன்னு சொல்லவும் முடியாது. அதான்."

"வாங்கினா நான் செத்துருவேனா?"

அடுப்புக்குள் ஒரு கட்டை வெடித்தது.

"அப்பா குடுத்தாரு. நீ வாங்கின."

வெர்னாவுக்கு அது நேராக நெஞ்சில் வந்து விழுந்தது. அந்தக் கேள்வி அவளிடமும் இருந்தது. பனிச்சாலையில் தனியாக லாரி ஓட்டும்போதெல்லாம் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

"நான் வாங்காம கையக் கட்டிட்டு நின்னிருந்தா," என்றாள் மெதுவாக, "அவர் நுரையீரல் அதப் பாத்துட்டுச் சரியாயிருக்குமா?"

"இல்லதான்."

"அப்புறம்?"

"தெரியுதுக்கா. இங்க தெரியுது." நெற்றியைத் தொட்டுக் காட்டினான். "கைக்குத் தெரியல."

இருவரும் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் சற்று நேரத்தில் இந்த அறைகூட அவளுக்கு ஆகாத சூடாகிவிடும். வெர்னாவின் தலைக்குள் பஞ்சு மெதுவாகச் சுழன்றது. அந்தப் பஞ்சுக்குள்ளிருந்துதான் அது வந்தது, யாரோ காதருகில் சொன்ன மாதிரி.

"ரெய்னோ. போனவங்க எப்ப வருவாங்க?"

"இருட்டினதும்."

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? எப்பவும் இருட்டினதும்தான சாத்துவோம்."

"சாத்தறது இருட்டினதும். அவங்க வர்றது கூப்பிட்டதும். கடைசிக் கரண்டி விழற வரைக்கும் சௌனா நம்மளோடது. கூப்பிடாமயே கதவத் திறந்துட்டு வர, நம்ம ஆளுங்க என்ன வரி கேக்கவா வராங்க?"

ரெய்னோ தலையைத் தூக்கினான்.

"நீங்க மூணு பேரும் போயி ஆசை தீர வெந்துட்டு வாங்க. அப்புறம் விறகு போடாத. கதவத் திறந்து வை. அறை ஆறட்டும். கல்லு அவ்வளவு சீக்கிரம் ஆறாது. நான் அப்ப வரேன்."

"டாக்டர்?"

"ஸ்வெட்டர் போட்டுட்டு வேர்க்காம உக்கார முடியற எடம்னா, இந்த மருந்துப் பைக்கும் அது ஆகும்னு, இத மாட்டிவிட்ட நர்ஸ் பொண்ணு சொல்லியிருக்கு. எடுத்துட்டு வா போ, அப்பா கரண்டிய."

ஆனால் டேல் அவ்வளவு லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. நர்ஸ் சொன்னதை இரண்டு தரம் சொல்லச் சொன்னான். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டான்: முதலில் அவன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்து பார்ப்பான். அவனுக்கு ஒரு சொட்டு வேர்த்தாலும் அவள் வெளியே.

"சௌனாவுக்குள்ள ஸ்வெட்டரா," என்றாள் அத்தை. "அர்வோ எந்திரிச்சு வந்துடுவான்."

"அதுக்குத்தான அத்தை கூப்பிடறோம்," என்றாள் வெர்னா.

மதியம் நீலமாகக் கரைந்தது. வெர்னா போர்வைக்குள்ளிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சௌனாக் கதவு திறக்கும்போதெல்லாம் வெளிச்சத்தின் மஞ்சள் துண்டு ஒன்று பனிமேல் விழுந்து எழுந்தது. ரெய்னோ உடம்பெல்லாம் புகைய ஓடிவந்து, ஓட்டைக்குள் குதித்து, ஒரு நொடி இல்லாமல் போய், திரும்ப வந்தான். வந்தபோது கையில் ஒன்று மின்னியது. அத்தை துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலில் ராணி மாதிரி நின்றாள். அவள் தோள்களிலிருந்து ஆவி மேலே போய் விழுகின்ற பனியைத் தொட்டது. டேல் வழக்கம்போல ஏரிவரை ஓடி, வழக்கம்போல மனதை மாற்றிக்கொண்டு திரும்பி ஓடினான்.

மற்ற வருஷங்களில் தானும் அதற்குள் இருந்ததால் இதை அவள் பார்த்ததே இல்லை. எவ்வளவு அழகாக இருந்திருக்கிறோம் என்று நினைத்தாள். பிறகு வேறொன்று தோன்றியது: போனவர்கள் இப்படித்தான் பார்ப்பார்களோ, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து, குளிரும் இல்லாமல் சூடும் இல்லாமல். அந்த எண்ணம் மெத்தென்று இருந்தது. அதில் அப்படியே சாய்ந்துகொள்ளலாம் போல இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

ரெய்னோ கரண்டியைக் கொண்டுவந்து, அவள் கையில் கொடுக்காமல், வீட்டு அடுப்புக்கு அருகில் கயிற்றோடு தொங்கவிட்டான். ஏரியின் குளிர் அதிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. மங்கிய செம்பு மெல்லச் சிவந்தது. வெர்னா அவ்வப்போது கையுறையின் நுனியால் அதைத் தொட்டுப் பார்த்தாள். ஊசி குத்தியது. இன்னும் இல்லை. மறுபடி தொட்டாள். இன்னும் இல்லை.

ஓவனில் டர்னிப் கிழங்கு காத்திருந்தது. இருட்டியது. வழக்கமாகக் கதவு சாத்தும் நேரம் வந்து, நின்று பார்த்து, போயிற்று. அத்தை மட்டும் சௌனா இருந்த திசையைப் பார்த்து, "கொஞ்சம் பொறுங்க, வராங்க," என்று முணுமுணுத்தாள்.

டேல் ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியுமாக வெளியே போனான். வெகுநேரம் சத்தமில்லை.

"தூங்கிட்டானா?" என்றாள் அத்தை.

கதவு திறந்தது. டேல் தொப்பியைக் கழற்றி நெற்றியைக் காட்டினான், நீதிபதி முன் சாட்சி காட்டுகிற மாதிரி. "தொட்டுப் பாரு. காஞ்சு போயிருக்கு."

வெர்னா ஒரு கையுறையைக் கழற்றி கரண்டியைத் தொட்டாள். செம்பு அவள் விரல்களுக்கு ஒன்றுமே செய்யவில்லை. வெறும் கதகதப்பு. அவள் அதைக் கயிற்றிலிருந்து அவிழ்த்து ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டாள்.

நான்கு பேரும் கீழ்ப் பலகையில் நெருக்கி உட்கார்ந்தார்கள், ஸ்வெட்டரும் காலுறையுமாக, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல. விளக்கு ஒன்றுதான். பூர்ச்ச இலையும் புகையும் கலந்த பழைய வாசனை. அவள் நாக்கு பொய் சொன்னது, மூக்கு இன்னும் சொல்லவில்லை. எரித்து விரட்டுகிற சௌனா இல்லை இது. பெரிய மிருகம் ஒன்று பக்கத்தில் படுத்து மூச்சு விடுகிற மாதிரியான கதகதப்பு.

"இந்தச் சூட்டுல மீன்கூட வேகாது," என்றாள் அத்தை.

"நல்லாத்தான் இருக்கு," என்றான் டேல். "இத்தனை வருஷமா இப்படியே வெச்சிருக்கலாம்ல?"

வெர்னா எழுந்தாள். வாளியில் இருந்தது அவளுக்காக வைத்த வெதுவெதுப்பான தண்ணீர். மொண்டாள். ரெய்னோ மூச்சை நிறுத்துவது அவளுக்குக் கேட்டது.

ஊற்றினாள்.

மற்ற வருஷங்களில் கற்கள் சீறும். இன்று சீறவில்லை. நீளமாக ஒரு பெருமூச்சு விட்டன, நாள் முழுக்க வேலை செய்துவிட்டு உட்கார்ந்தவர்கள் விடுகிற மாதிரி. ஆவி எழுந்து, அவசரமில்லாமல், அவள் முகத்தைத் தொட்டுவிட்டுப் போயிற்று.

"ஹெல்மி," என்றாள். அம்மா. "வைனோ. லெம்பி." அர்வோவின் அண்ணன், அவர் மனைவி. "அர்வோ."

அங்கேதான் பட்டியல் முடியும். ஆனால் வெர்னா கதவுப் பக்கம் திரும்பவில்லை. கரண்டியிலிருந்து கடைசிச் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மெத்தென்ற எண்ணம் மறுபடி வந்து பக்கத்தில் நின்றது. இங்கேயே உட்கார்ந்துவிடலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இடம் இருக்கிறது.

"அப்பா," என்றாள். "இந்த வருஷம் சூடு பத்தாது. ஆஸ்பத்திரிக்காரங்க சட்டம். அடுத்த வருஷம் கொதிக்கக் கொதிக்க வெச்சுத் தரேன். அதுவரைக்கும் கரண்டி என்கிட்டதான் இருக்கும். நீ கை நீட்டாத."

பிறகு அத்தை மூக்கை உறிஞ்சிவிட்டு, "கேட்டுச்சில்ல அர்வோ?" என்றாள்.

"எந்திரிங்க," என்றாள் வெர்னா. "அவங்க முறை."

டேலும் அத்தையும் வெளியே போனார்கள். உடை மாற்றும் அறைக்கு இறங்க ஒரு படி. மருந்து பாதங்களையும் மரத்துப்போகச் செய்திருந்ததால், வெர்னா படியின் விளிம்பைத் தேடித் தடுமாறினாள். முன்னால் இறங்கியிருந்த ரெய்னோ சட்டென்று திரும்பி, யோசிக்காமல், கையை நீட்டினான்.

அவள் வலது கையில் கரண்டி இருந்தது.

ரெய்னோவின் கை காற்றில் உறைந்தது. கண்கள் கரண்டிமேல் நின்றன. இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, நீட்டி வைக்கவும் முடியவில்லை.

வெர்னா கரண்டியை இடது கைக்கு மாற்றினாள். காலியான வலது கையால் தம்பியின் கையைப் பிடித்து, தன் முழு எடையையும் அதில் போட்டு, படி இறங்கினாள்.

"கனக்கறக்கா," என்றான் அவன்.

"பிடிச்சுக்கத்தான கை குடுத்த. பிடி."

கதவைச் சாத்தினாள். கரண்டியை அதன் ஆணியில் தானே மாட்டினாள். அது இரண்டு முறை ஆடி நின்றது. பிறகு கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். வீட்டிலிருந்து வந்த டர்னிப் தீய்ந்த வாடையை நோக்கி, நால்வரும் ஒரே தடத்தில் நடந்தார்கள்.